அங்கே யாரும் சும்மா சாவதில்லை

பள்ளிக்கூடம் விட்டு, குரோம்பேட்டையில் ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் யாரோ ஒரு அம்மாவின் மடியில் பாதியும் கம்பியில் பாதியுமாக உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தால், கூடத்தில் ஒரு பிணம் கிடக்கும். கம்பளத்தின் மேல் குப்புற. பக்கத்தில் ஒரு வெள்ளிக் கத்தி, அல்லது உருண்டு கிடக்கும் கண்ணாடிக் கோப்பை. அதைச் சுற்றி நாலைந்து வெள்ளைக்காரர்கள் கோட்டும் முத்துமாலையுமாக, யாரோ சூப்பில் உப்பைக் கூடப் போட்டுவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். டிவிக்கு எதிரே என் கணவரின் அக்கா. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைத் தூக்கி என்னை நிறுத்துவார்.

"ஷ்ஷ். உயில் யார் பேர்ல இருக்குன்னு சொல்லப் போறான்."

எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். எட்டாம் வகுப்புக்கு நாள் முழுக்க இயற்கணிதம் சொல்லிக்கொடுத்து தொண்டை காய்ந்து கிடக்கிறது. ஆனால் உயில் படித்து முடியும்வரை டிவிக்குக் குறுக்கே நடக்கக் கூடாது. என் வீட்டில், நானும் என் கணவரும் கடன் கட்டி முடித்த வீட்டில், நான் வாசலிலேயே நிற்கவேண்டும்.

அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஊர் விழுப்புரம். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, ஒரே மகன் மஸ்கட்டில். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரென்ன, வயசென்ன, என்ன தொந்தரவு என்று கேட்டு எழுதிக்கொடுப்பதுதான் வேலை. அதுவே எங்கள் குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யாருக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் முதல் போன் விழுப்புரத்துக்குப் போகும். அக்கா சொல்லும் மாத்திரைதான் மாத்திரை, அக்கா சொல்லும் பத்தியம்தான் பத்தியம். கல்யாணமான நாளிலிருந்து "அக்கா சொல்லிட்டா" என்ற வார்த்தையை நான் கேட்ட அளவுக்கு என் பெயரைக்கூட என் கணவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

என் கணவர் போன வருஷம் இறந்துபோனார். மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, ரிடையர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு வந்த அண்ணி, "நீ தனியா இருப்பியேம்மா, ஒரு மாசம் கூட இருந்துட்டுப் போறேன்" என்றார். அந்த ஒரு மாசம் முடியவே இல்லை.

கொலைகாரர்களை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் மகள். புனேயில் இருக்கிறாள். அத்தைக்குப் பொழுது போகவேண்டுமே என்று, டிவியில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுக் கட்டணமும் கட்டிவிட்டாள். அண்ணி முதலில் ஜெபக் கூட்டங்களைத்தான் தேடினார். தேடும்போது எங்கேயோ கை பட்டு ஒரு பழைய இங்கிலாந்துக் கிராமம் திறந்துகொண்டது. கல் கோயில், மணிக்கூண்டு, சைக்கிளில் போகும் ஆயர், தோட்டத்தில் ரோஜா வெட்டும் அம்மாள். "எவ்ளோ அமைதியா இருக்கு பாரு" என்றார். பத்து நிமிஷத்தில் அந்த ரோஜா அம்மாளை யாரோ கழுத்தை நெரித்துவிட்டார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான்.

எல்லாம் பழைய காலத்துக் கதைகள். நாம் இங்கே உப்பு காய்ச்சி அடி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் அங்கே ஒருத்தர் தேநீரில் ஒருத்தர் விஷம் கலந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நாற்பது அறை உள்ள மாளிகையில் ஆறே பேர் குடியிருப்பார்கள். அந்த ஆறு பேருக்கும் ஒத்துப்போகாது. இரண்டு கல்யாணம் பண்ணின பெரியவர், சொத்துக்குக் காத்திருக்கும் தம்பி மகன், எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் வேலைக்காரப் பெண். துப்பறிகிறவர் யாராக இருந்தாலும் சரி, அவருக்கு அவசரமே கிடையாது. பிணத்தைப் பார்த்துவிட்டு நேராகப் போய்த் தேநீர் குடிப்பார்.

அண்ணிக்கும் தேநீர் தொற்றிக்கொண்டது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட கப்பும் சாஸரும் ஷோகேஸில் பூட்டியே கிடந்தன. வீட்டுக்கு வந்த சம்பந்திக்குக்கூட எடுத்ததில்லை. அதை எடுத்துக் கழுவி, டிகாஷன் தனியாக, பால் தனியாக, சர்க்கரை தனியாக என்று தட்டில் வைக்கச் சொன்னார். ஒரு டம்ளர் டீக்குக் கழுவுவதற்கு ஏழு சாமான். கழுவுகிறவள் நான்.

"பாத்தியா, அப்படியே நம்ம சபை மாதிரியே இருக்கு" என்பார் அடிக்கடி. அதை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. அந்தக் கிராமத்திலும் பெண்கள் ஐக்கியம் உண்டு, பீடத்துக்கு யார் பூ வைப்பது என்ற சண்டை உண்டு, பாடகர் குழுவில் முன்வரிசைக்கு அடிதடி உண்டு. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை விட்டுக்கொடுக்காததற்காக இரண்டு குடும்பங்கள் இன்னமும் வேறு வேறு வாசல் வழியாகத்தான் கோயிலுக்குள் வருகின்றன. இங்கே யாரும் யாரையும் கொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அண்ணிக்கு அந்த வித்தியாசமும் தேய்ந்துகொண்டே வந்தது. ஆராதனை நடுவில் என் காதில் கிசுகிசுப்பார்.

"காணிக்கைப் பை எடுக்கறவரு கை ஏன் அப்படி நடுங்குது?"

"அவருக்கு சுகர் அண்ணி."

"அப்படித்தான் சொல்லிக்குவாங்க."

பொய் சொல்லக் கூடாது, நானும் பார்த்தேன். பீன்ஸை நறுக்கிக்கொண்டே, கதவில் சாய்ந்துகொண்டே, பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். கணக்கு டீச்சருக்கு அது கை அரிக்கிற விஷயம். கொடுத்திருப்பது இவ்வளவு, கண்டுபிடிக்கவேண்டியது ஒன்று. பெரும்பாலும் அண்ணிக்கு முன்னாலேயே எனக்கு விடை வந்துவிடும். "அந்த டாக்டர்தான்" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விடுவேன். அண்ணிக்குக் கோபம் வரும். சரியாகக் கொலைகாரன் பெயரைச் சொல்லும் நேரத்தில் விமானப்படை விமானம் ஒன்று மொட்டை மாடியை உரசுகிற மாதிரி கடந்துபோகும், மறுபடி பின்னால் ஓட்டிப் பார்க்கவேண்டியிருக்கும். அந்த எரிச்சலும் என் மேல்தான் விழும்.

எனக்குப் பொறுக்காதது வேறு ஒன்று. அந்தக் கதைகளில் செத்தவருக்காக யாரும் அழுவதே இல்லை. காலையில் அப்பா பிணமாகக் கிடப்பார், மத்தியானம் மகள் டென்னிஸ் ஆடுவாள். என் கணவரை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியபோது எங்கள் தெருவே திரண்டு வந்தது. எதிர் வீட்டு அம்மா என்னைக் கட்டிப்பிடித்துப் போட்ட சத்தத்தில் எனக்கு இரண்டு நாள் காது அடைத்தே இருந்தது. ஒருநாள் தாங்கமுடியாமல் அண்ணியிடம் கேட்டேன், இதில் என்ன இருக்கிறது என்று விடாமல் பார்க்கிறீர்கள் என்று. டிவியை நிறுத்திவிட்டு யோசித்துப் பதில் சொன்னார்.

"இங்க யாரும் சும்மா சாகறதில்லம்மா. ஏன் செத்தான்னு ஒரு காரணம் இருக்கு. இவன்தான்னு ஒருத்தனைக் காட்டிடறாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்."

அதற்குப் பிறகுதான் கேள்விகள் ஆரம்பித்தன. முதலில் சாதாரணமாகத்தான் கேட்டார். அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டான், எழுந்திருக்கும்போது எப்படி இருந்தான். பிறகு ஒரே கேள்வி வேறு வேறு பக்கத்திலிருந்து வந்தது. வேர்த்தது முதலிலா, வலித்தது முதலிலா. எந்தத் தோள் பக்கம். நீ அப்போது எங்கே இருந்தாய். சமையலறையில் என்றால் சமையலறையில் என்ன செய்துகொண்டிருந்தாய். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் என்னை, அந்த மாளிகையின் வேலைக்காரப் பெண்ணை விசாரிப்பதுபோல் விசாரிப்பார். எல்லாப் பதிலையும் கேட்டுக்கொண்டு "ம்ம்" என்று மட்டும் சொல்லி டிவியைப் போட்டுவிடுவார். அந்த "ம்ம்"மைக் கேட்டால் எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறும்.

ஏறாமல் என்ன செய்யும்? அவர் தேடுகிற விடை என்னிடம் இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது.

நடந்தது இதுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பார்த்து, "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றேன். அவர் கையை ஆட்டி என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். கையில் பிடிக்கத் தெம்பில்லாமல் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணியின் குரல் தெளிவாகக் கேட்டது. "கேஸ்டா அது. நேத்து ராத்திரி எறா தின்னிருப்ப. ஓமத் தண்ணி வெச்சுத் தரச் சொல்லு, குடிச்சிட்டு இடது பக்கமா திரும்பிப் படு. ஏப்பம் வந்தா சரியாப் போயிடும்." போன் கட்டானதும் நான் மறுபடி ஆஸ்பத்திரி என்றேன். "அக்காவே சொல்லிட்டா" என்றார். நான் போய் ஓமத்தை வறுத்தேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் அவர் விழுகிற சத்தம் கேட்டது.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் "கேஸ்னு நெனைச்சுட்டோம், ஓமத் தண்ணி வெச்சிட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னேன். யார் நினைத்தது என்று சொல்லவில்லை. போனில் பேசியது நான் கேட்டேன் என்று அண்ணிக்குத் தெரியாது. அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. இத்தனை கேள்வி கேட்கிறாரே, அந்த ஒரு போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்தார். குற்றவாளியே துப்பறிந்துகொண்டிருக்க, விடை தெரிந்தவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எத்தனை நாள் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியும் என்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் பாடு. வயசானவர், பிரஷர் இருக்கிறது, சொன்னால் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, போனவர் வரப்போகிறாரா என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் "நீ ஏன் அடுப்படியில இருந்த?" என்று அவர் கேட்கும்போது, நீங்கள் சொன்னதால்தான் என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும். விழுங்கிக்கொள்வேன்.

அப்புறம் எறாவின் மேல் சந்தேகம் விழுந்தது. அவர் இறப்பதற்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் நாங்கள் கோவளம் போய் எறா வாங்கி வந்திருந்தோம். அதை நான்தான் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். ஒரு விஷக் கதையைப் பார்த்து முடித்த கையோடு அண்ணி என் அறைக்கு வந்தார்.

"எறா கெட்டுப்போயிருந்தா வேர்க்கும். நெஞ்சடைக்கும்."

"நானும்தான சாப்பிட்டேன் அண்ணி."

"உனக்குத் தாங்கியிருக்கும். சில பேருக்குத் தாங்கும். இப்பப் பாத்த கதையில அந்தம்மா தெனமும் கொஞ்சம் கொஞ்சமா விஷம் சாப்பிட்டுப் பழகியிருந்தா, அவளுக்கு ஒண்ணும் ஆகல."

நான் தினமும் விஷம் சாப்பிடுகிறவள் என்ற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. கோவளம் போய் விசாரிக்கவேண்டும் என்றார், போகவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர் பாட்டுக்குப் புடவையை மாற்றிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் குடையுமாகக் கிளம்பிவிட்டார். தனியாக விட முடியுமா? கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, நின்றுகொண்டே கோவளம் போய்ச் சேர்ந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கரையில் படகுகளுக்கு நடுவே மீன் விற்கும் இடத்தில், அண்ணி குடையை மடக்கிக்கொண்டு ஒவ்வொரு தட்டாகப் பார்த்தபடி நடந்தார். எறா வைத்திருந்த ஒரு அம்மாவிடம் போய் நின்றார். போன வருஷம் இதே சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விற்ற எறா நல்ல எறாவா என்று கேட்டார்.

அந்த அம்மா கையிலிருந்த எறாவை அப்படியே தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னா யக்கா, போன வருசம் துன்ன எறாவுக்கு இப்ப வந்து நாயம் கேட்டுகினு கீற? வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி நவுரு. வெயில்ல சரக்கு காயுது."

"கேள்விக்குப் பதில் சொல்லும்மா. ஐஸ் போட்டு வெச்சிருந்தியா?"

"யம்மா, நீ இன்னா போலீஸா? யாவார நேரத்துல பேஜார் பண்ணாத."

நான் அண்ணியின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. "என் தம்பி செத்துட்டாம்மா" என்றார். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அதைக் கவுண்டரில் தகவல் கேட்கிற குரலிலேயே சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்த கூடையைக் கவிழ்த்துப் போட்டு, "குந்து யக்கா மொதல்ல" என்றாள். அண்ணி உட்கார்ந்தார். அன்றைக்கு எறாவே இல்லை, யார் மேலும் தப்பு இல்லை, எறா தின்று யாரும் செத்ததில்லை என்று அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். யார் மேலும் தப்பு இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, அண்ணி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஊரே வேடிக்கை பார்க்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"அன்னிக்குக் காலையில அவன் யாருக்காவது போன் பண்ணானா?"

அதுதான் நான் காத்திருந்த கேள்வி. ஒரு வார்த்தையில் எல்லாக் கணக்கையும் தீர்த்திருக்கலாம். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் குலுங்கியது.

"இல்லையே" என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்தும் அண்ணி டிவியைப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை, அது வேறு கோபம். மூன்றாம் நாள் நானே ரிமோட்டை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

வருஷ நினைவு ஜெபம் ஒரு சனிக்கிழமை மதியம். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஷாமியானாக்காரரிடம் நாற்காலி எடுத்து கூடம் முழுக்கப் போட்டோம். டிவியின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, அதன் முன்னால் என் கணவர் படத்தை வைத்து மாலை போட்டேன். ஆயர் வந்து சங்கீதம் வாசித்து, ஜெபித்து, வேறொரு வீட்டுக்கும் போகவேண்டும் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார். மிச்சம் இருந்தவர்கள் என் கணவர் வீட்டுச் சொந்தம். ஆளுக்கொரு தட்டில் பிரியாணியோடு கூடத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள்.

அண்ணி பார்க்கிற கதைகளில் கடைசிக் காட்சி இப்படித்தான் இருக்கும். சம்பந்தப்பட்ட அத்தனை பேரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, துப்பறிகிறவர் நடுவில் நின்று ஒவ்வொருத்தராகப் பிரித்து மேய்வார். எனக்கு அந்த நினைப்பு வந்தபோது சிரிப்புத்தான் வந்தது. வெங்காயப் பச்சடி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனேன்.

பம்மலிலிருந்து வந்திருந்த சித்தப்பா, அதாவது என் கணவரின் சித்தப்பா, தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசவே தெரியாது. நான் அவர் தட்டில் பச்சடி ஊற்றும்போதுதான் ஆரம்பித்தார்.

"கேக்கறேன்னு தப்பா நெனைச்சுக்காதம்மா. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்ன ஆளுக்கு ஓமத் தண்ணி காச்சிகினு இருந்தியே, அந்த நேரத்துல ஒரு ஆட்டோவப் புட்ச்சிருந்தா இன்னிக்கு அவன் இங்க குந்திகினு நம்மளோட துன்னுகினு இருப்பான். நீ இன்னா படிக்காத பொண்ணா? டீச்சரு வேற."

கூடத்தில் ஒருத்தரும் மெல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதை அவர்கள் ஒரு வருஷமாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று அந்தப் பார்வையிலேயே புரிந்துவிட்டது. கரண்டி சரிந்து, பச்சடி அவர் வேட்டியில் கொஞ்சம் சிந்தியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. இத்தனை நாள் யாருக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தேனோ அவரைப் பார்த்தேன். அண்ணி மூலையில் ஒரு நாற்காலியில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் இருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"சித்தப்பா" என்றார் அண்ணி.

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அழவில்லை.

"அவ ஆஸ்பத்திரிக்குத்தான் கூப்பிட்டிருப்பா. இவன் எனக்குப் போன் பண்ணான். கேஸுன்னு சொன்னது நான். ஓமத் தண்ணி குடின்னு சொன்னது நான். படுத்துக்கோன்னு சொன்னதும் நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டு நின்றார். ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருக்கிற மாதிரி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கதையில் என்றால் இந்த இடத்தில் யாராவது வீறிடுவார்கள், கதவுக்குப் பின்னாலிருந்து போலீஸ்காரர் வருவார். இங்கே சித்தப்பா ஒரு எலும்பை எடுத்து உறிஞ்சினார்.

"செரி வுடும்மா. அங்க இருந்துகினு உனக்கு இன்னா தெரியும்? கர்த்தர் கூப்ட்டா போய்த்தான் ஆவணும்."

"ஆமாமா, அவர் சித்தம்" என்றது ஒரு குரல். கரண்டிகள் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தன. அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

பச்சடி வாளியை நடுக்கூடத்தில் டங்கென்று வைத்தேன். "எப்படி சித்தப்பா? நான் காச்சிக் குடுத்தா அவரு செத்தது என்னால. உங்க வீட்டுப் பொண்ணு சொன்னான்னா மட்டும் அது கர்த்தர் சித்தமா? ஒரு நிமிஷம் முன்னாடி கர்த்தர் எங்க போயிருந்தாரு?" கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். எதிர் வீட்டு அம்மா ஜன்னலுக்கு வந்துவிட்டாள். சித்தப்பா வேட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். யாரோ "அவளுக்குத் துக்கம், விடுங்க" என்றார்கள். சாப்பாட்டை முடித்து, கையைக் கழுவி, பீடாவைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்தில் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். போகும்போது அண்ணியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். என் கையை யாரும் பிடிக்கவில்லை.

சமையலறையில் பெரிய பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. நான் தேய்த்துக் கொடுக்க, அண்ணி குழாயடியில் அலசிக்கொண்டிருந்தார். பிறகு அவர்தான் கேட்டார்.

"சித்தப்பா அப்படிக் கேட்டப்ப நீ என்னைப் பாத்த. போன் வந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"அன்னிக்கேதான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நான் பக்கத்துல நின்னேன்."

அவர் குழாயை மூடினார். ஈரக் கையோடு அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ல கேட்டேனே. இல்லன்னியே."

"ஆமா."

"நீ திட்டியிருக்கலாம்மா. ஒரு நாளாவது திட்டமாட்டியான்னுதான் தெனமும் உன்கிட்ட கேட்டுக் கேட்டு..." அவரால் முடிக்க முடியவில்லை. "என்னைப் பாத்துப் பாவமாப் போச்சா உனக்கு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உங்கள் வயசு, உங்கள் பிரஷர் என்று ஒரு வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த பதில் அது. கேட்பதற்கும் நன்றாக இருக்கும்.

"பாவமெல்லாம் இல்ல அண்ணி. எனக்கு உங்க மேல கோவம். இப்பவும் கோவம்தான், நாளைக்கும் இருக்கும்" என்றேன். கையில் இருந்த சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னேன். "சொல்லியிருந்தா நீங்க அன்னிக்கே பையத் தூக்கிட்டு விழுப்புரம் போயிருப்பீங்க. ஸ்கூல் விட்டு வந்து கதவைத் திறந்து, ஒருத்தரும் இல்லாத இந்த வீட்டுல நான் என்னண்ணி பண்ணுவேன்?"